புதிய மீனும் பழைய தொட்டியும்

விழா மலருக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரியின் பழம்பெருமையை எழுதுவர். தமக்குக் கற்பித்த ஆசான்களின் திறத்தை எழுதுவர். விளையாட்டரங்கிலே பெற்ற வெற்றிகளை எழுதுவர். அவை யாவும் எழுதற்குரியனவே. யான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிகச் சிறியது. அது மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைப் பற்றியது. புதிதாகக் கொண்டுவந்த மீன்களைப் பழைய மீன்கள் வாழும் காட்சித் தொட்டியிலே அன்றே விடலாகாது. நான்கு கிழமைகளேனும் வேறொரு தொட்டியிலே தனியே வைத்து நோக்கிய பின்னரே விடுதல் வேண்டும் என்பதே என் கருத்து. மீன் வளர்ப்போருள் இதனைக் கேள்விப்படாதார் அரியர். கேட்டும் செய்யாதார் பலர். அப்பலருள் யானும் ஒருவனாக இருந்தேன். அதனால் விளைந்த கேடு நம் கல்லூரியிலேயே விளைந்தது. ஆகவே அதனை இம்மலரிலே எழுதுவது என் கடன்.

2017ஆம் ஆண்டிலே பரிசளிப்பு விழாவின் பொருட்டுக் கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்திலே வந்தேன். நம் விலங்கியல் ஆய்வுகூடத்தின் சாளரத்தை அடுத்து அக்காலத்தில் ஒரு காட்சித் தொட்டி இருந்தது. ஏறக்குறைய 200 லீற்றர் நீர் கொள்ளும். உயர்தர வகுப்பு மாணவர் அதனை ஈராண்டாகப் பேணி வந்தனர். நம் ஊர்க் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. ஆதலின் அது வன்னீர். அந்நீருக்கு இயைந்த மீன்கள் எவையென ஆராய்ந்து, கரிய மொலி மீன்களையும் கப்பி மீன்களையும் அவர்கள் வளர்த்தனர். அவை குட்டியீன்று பெருகின. எந்தத் தாய் எத்திகதியில் எத்தனை குட்டி ஈன்றது, எந்நாளில் நீர் மாற்றப்பட்டது என்பனவெல்லாம் ஒரு பயிற்சிக் கொப்பியிலே ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

அப்பிள்ளைகளுக்குப் பரிசாக யான் கொண்டு வந்தவை செந்நிற வாள்வால் மீன்கள் ஆறு. பொலித்தீன் பையிலே அடைத்து, இரவு முழுதும் மடிமேல் வைத்துக் காத்துக் கொண்டு வந்தேன். "தனியே வைத்துப் பார்ப்பதற்கு எம்மிடம் வேறு தொட்டி இல்லையே" என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். "கடையிலே நல்ல மீனாகப் பார்த்தல்லவோ வாங்கினேன்" என்றேன் யான். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பழைய மாணவன் ஒருவன், அதிலும் வயதில் மூத்தவன், அன்போடு கொணர்ந்த பொருளை மறுத்துரைக்க அவருக்கு மனம் வரவில்லை. பை அவிழ்க்கப்பட்டது. கருநிற மீன்களிடையே செந்நிற மீன்கள் ஓடிய காட்சியைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினர். யானும் மகிழ்ந்து விடைபெற்றேன்.

அடுத்த தவணையிலே மீண்டும் வந்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். "நன்கொடை: வாள்வால் மீன் 6" என்று ஒரு வரி இருந்தது. ஐந்தாம் நாள், புதிய மீன் ஒன்று கல்லிலே உடம்பை உராய்கின்றது என்று எழுதப்பட்டிருந்தது. ஏழாம் நாள், மொலி மீன்களின் செட்டைகளிலே உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் காணப்பட்டன. அதன்பின் நாள்தோறும் இறந்த மீன்களின் தொகையே எழுதப்பட்டிருந்தது. அவ்வேட்டிலே எவரையும் குறைகூறும் சொல் ஒன்றுமில்லை. கொப்பிக்குப் பொறுப்பாயிருந்த மாணவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: "ஐயா, அந்த மீன்கள் கடைக்கு வந்து எத்தனை நாள் என்று விசாரித்தீர்களா?" யான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

இந்நோய்க்கு வெண்புள்ளி நோய் என்று பெயர். இதனை உண்டாக்குவது உடல் முழுதும் பிசிர் உடைய ஓர் ஒருகல உயிர். 1876ஆம் ஆண்டிலே ஃபூக்கே என்பார் இதனை விரித்துரைத்து இக்தியொப்திரியஸ் மல்ரிபிலிஸ் என்று பெயரிட்டார். மீன்பேன், பல மக்களை உடையது என்பது அப்பெயரின் பொருளாகும். நம் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியிலேயே இதனைக் காணலாம். உருண்டு உருண்டு செல்லும் அதன் உடலினுள்ளே குதிரை இலாடம் போல வளைந்த கரு ஒன்று தோன்றும். அவ்வடிவமே அதனை ஐயமற அறிதற்கு அடையாளம்.

இதன் வாழ்க்கை வட்டத்தை அறிந்தவர்க்கே தனியே வைத்தலின் காரணம் விளங்கும். மீனின் தோலுக்குக் கீழும் செவுளிலும் புகுந்து, அதன் உடலையே உணவாகக் கொண்டு இவ்வொட்டுண்ணி வளர்கின்றது. நாம் காணும் வெண்புள்ளி இந்நிலையே. முதிர்ந்ததும் அது மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொள்ளும். உறையினுள்ளே அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்து கொண்டே போகும். ஈற்றிலே சில நூறு முதல் ஆயிரம் வரையான குஞ்சுயிர்கள் உறையைப் பிளந்து வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்தும். இரண்டு நாள் அளவிலே மீன் ஒன்றைக் கண்டு துளைத்துப் புகாவிட்டால் அவை பெரும்பாலும் மடிந்து போகும். நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் ஆயின் இச்சுற்று முழுவதும் ஒரு கிழமைக்குள் முடிவுறும். 10 பாகையாயின் ஒரு மாதத்திற்கு மேலும் செல்லும். நம் நாடு வெப்ப நாடு. இங்கே அது விரைவாகவே சுழலும்.

ஆற்றிலும் குளத்திலும் இந்நோய் இல்லாமலில்லை. ஆயின் ஆறு பெரிது. மீன்கள் ஒன்றுக்கொன்று எட்ட வாழ்வன. ஆயிரம் குஞ்சுயிர்கள் பிறந்தாலும் அவற்றுள் மீனைச் சென்று சேர்வன மிகச் சிலவே. கண்ணாடித் தொட்டியிலோ மீன் எங்கே ஓடும்? நான்கு சுவர்களுக்குள்ளே பிறந்த குஞ்சுயிர் எத்திசையில் நீந்தினும் ஒரு மீனை எதிர்ப்படும். ஆற்றிலே ஒரு மீனுக்குச் சிறு தொல்லையாய் இருப்பது தொட்டியிலே எல்லா மீனுக்கும் கூற்றுவனாய் விடுகின்றது. நாமே அமைத்துக் கொடுத்த அடைப்பு அது. அடைத்து வைத்தவருக்குக் காக்கும் கடனும் உண்டு.

"நோயுள்ள மீனை நோயில்லாத மீனென்று எண்ணி எங்ஙனம் வாங்கினீர்?" என்று சிலர் கேட்கலாம். விடை எளிது. வாங்கிய நாளிலே அவ்வாறும் அழகாகவே இருந்தன. வெண்புள்ளி நோய் கண்டு பிழைத்த மீன் அந்நோயை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றது. ஆயினும் அதன் செவுளிலே சில ஒட்டுண்ணிகள் வெளித்தோன்றாமல் தங்கியிருத்தல் கூடும். அத்தகைய மீன் நன்றாக உண்ணும், நன்றாக நீந்தும், தன்னோடு வாழும் புதிய மீன்களுக்கு நோயையும் கொடுக்கும். மேலும், வளர்த்தவரிடமிருந்து சேகரிப்பவரிடமும், அவரிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து நம்மிடமும் வருகின்ற மீன் ஒவ்வோரிடத்திலும் புதிய நீரையும் புதிய அயலவரையும் சந்திக்கின்றது. பயணத்தின் அலுப்பினாலே அதன் எதிர்ப்பாற்றல் குன்றுகின்றது. மறைந்திருந்த நோய் வெளிப்படுவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. கடைக்காரர் வேண்டுமென்று வஞ்சித்தார் என்று கொள்ளுதற்கு இடமில்லை. அவர் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அன்று தெரிந்தது ஒன்றே.

நம் நாடு அலங்கார மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்று. அவ்வாறு கடல் கடந்து செல்லும் மீனுக்கு நலச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. கல்லூரித் தொட்டிக்கு வரும் மீனிடமோ ஒன்றும் கேட்கப்படுவதில்லை. கேட்க வேண்டிய இடத்திலே நாள்களைத்தான் கேட்க வேண்டும். அந்நாள்களே அதன் சான்றிதழ்.

ஏன் நான்கு கிழமைகள் எனின், நம் நாட்டு வெப்பநிலையிலே வெண்புள்ளி நோயின் சுற்று நான்கு முறை நிகழ்தற்கு அக்காலம் போதியது. முதற் சுற்றிலே ஒன்றிரண்டு புள்ளியாய்க் கண்ணுக்குத் தப்பியது மூன்றாஞ் சுற்றிலே தப்பாது. வேறு சில நோய்களும் அக்காலத்துள் தம்மைக் காட்டும். கப்பி முதலிய மீன்களின் குடலிலே வாழும் கமலானஸ் என்னும் புழு, முதிர்ந்தபின் மலவாயிலே செந்நூல் போல நீட்டிக்கொண்டு தோன்றும். கடையிலே கண்ட அன்று அது தோன்றாதிருத்தல் இயல்பே. செட்டை அழுகல், செவுட் புழு என்பனவும் பெரும்பாலும் இக்கால எல்லைக்குள் வெளிப்படுவன. எல்லா நோயும் வெளிப்பட்டுவிடும் என்று யான் சொல்லேன். 1926ஆம் ஆண்டிலே பிலடெல்பியா மீன் காட்சியகத்து மீன்களிடமிருந்து பிரித்தறியப்பட்ட மைக்கோபற்றீரியம் மரினம் என்னும் கிருமி மாதக் கணக்கிலே மறைந்திருக்க வல்லது. அது மனிதர் கையிலுள்ள புண்ணின் வழியாகவும் புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். ஆதலின் கையிலே வெட்டுக்காயம் உள்ள மாணவன் எந்தத் தொட்டியிலும் வெறுங்கையை விடலாகாது. தனியே வைத்தல் எல்லாவற்றையும் தடுக்கும் மதில் அன்று; ஆயினும் மதிலே வேண்டாம் என்பதற்கு அது காரணமுமன்று.

இம்முறை மனிதருக்குப் புதிதுமன்று. கொள்ளைநோய் பரவிய காலத்திலே, 1377ஆம் ஆண்டில், அத்திரியாத்திக் கடற்கரையிலுள்ள இரகுசா நகரத்தார், நோயுள்ள நாட்டிலிருந்து வருவோர் 30 நாள் புறத்தே தங்கிய பின்னரே நகருட் புகலாம் என்று சட்டம் செய்தனர். 1423ஆம் ஆண்டிலே வெனிசு நகரத்தார் இதன் பொருட்டு ஒரு தீவையே ஒதுக்கினர். பின்னர் அந்நாள்கள் நாற்பதாயின. நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லே இம்முறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரைத் தந்தது. நம் ஊரிலும் அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாயிலிலே வேப்பிலை செருகி, அயலார் உட்புகாதபடி காத்த வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்று வந்தபோது 14 நாள் தனித்திருத்தல் என்பதனை நம் பிள்ளைகளே நேரில் கண்டனர். தமக்கு வேண்டியதென்று மனிதர் உணர்ந்ததனை, தம் கையிலே அகப்பட்ட சிற்றுயிருக்கு வேண்டாம் என்று கொள்ளுதல் முறையாகுமா?

மீனுலகிலே இதனைப் புறக்கணித்தால் எத்துணைப் பெருங்கேடு விளையும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். கெண்டையினத்து மீன்களையும் அவற்றின் அலங்கார வகையான கோய் மீன்களையும் கொல்லும் ஒரு வைரசு நோய் 1998ஆம் ஆண்டிலே இசுரவேலிலும் அமெரிக்காவிலும் பெருஞ் சாவை விளைத்தது. நலமுடையனவாய்த் தோன்றிய மீன்களின் வாணிகத்தோடு அது நாடு விட்டு நாடு சென்றது. 2003ஆம் ஆண்டிலே யப்பான் நாட்டுக் கசுமிகவுரா ஏரியிலே வளர்க்கப்பட்ட கெண்டை மீன்கள் ஆயிரம் தொன்னுக்கு மேல் அந்நோயால் மடிந்தன. அதன் பின்னர்க் கோய் மீன் வளர்ப்போர் புதிய மீனைத் தனியே வைத்தலைக் கண்டிப்பான விதியாகக் கொண்டனர். அவரவர் மீனை அவரவர் தொட்டியிலேயே வைத்துக் காட்டும் கண்காட்சி முறையும் ஆங்கில நாட்டிலே வழங்குகின்றது. இழந்து கற்றவர்களின் வழக்கம் அது. நாம் இழவாமலே கற்கலாம்.

இனிச் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவேன். 40 லீற்றர் அளவான சிறு தொட்டி போதும். கண்ணாடியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. உணவுப் பொருள் வைத்தற்குரிய நல்ல பிளாஸ்ரிக் தொட்டியும் ஆகும். அடியிலே மணல் வேண்டா. மீனின் கழிவு எத்தன்மையது என்பது தெளிவாகத் தெரிதல் வேண்டும். மீன் ஒளிந்துகொள்ள ஓட்டை உடைந்த சிறு சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். காற்றுப் பம்பியோடு இணைந்த பஞ்சு வடிகட்டி ஒன்று வேண்டும். அதனை முன்னதாகவே சில கிழமைகள் காட்சித் தொட்டியிலே ஓட விட்டிருத்தல் நன்று. மீன் வெளியிடும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அப்பஞ்சிலே குடியேறியிருக்கும். அவை இல்லாத புதுத் தொட்டியிலே விடப்பட்ட மீன், நோயினால் அன்றித் தன் கழிவினாலேயே இறந்துபோகும். ஆனால் ஒருமுறை புதிய மீனோடு இருந்த பஞ்சைக் கழுவி வெயிலிலே உலர்த்தாமல் காட்சித் தொட்டிக்குத் திருப்பலாகாது.

பையிலே வந்த நீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றலாகாது. நெடும் பயணம் செய்த பையைத் திறந்தபின் மீனை அந்நீரிலேயே நெடுநேரம் வைத்திருத்தலும் தவறு. பையினுள்ளே மீன் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு, நீரைச் சற்று அமிலமாக்கி, அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பை திறந்ததும் அவ்வாயு நீங்க, நீர் காரத்தன்மை அடைந்து நஞ்சு தலையெடுக்கும். ஆகவே வெப்பநிலை ஒத்ததும் கைவலையால் எடுத்துத் தனித்தொட்டியிலே விடுக. அத்தொட்டிக்குரிய கைவலை, வாளி, நீர் இழுக்கும் குழாய் ஆகியன வேறாக இருத்தல் வேண்டும். ஈரமான வலை ஒன்றே நோயைக் கொண்டு செல்லப் போதியது. நாள்தோறும் முதலில் காட்சித் தொட்டியின் வேலையை முடித்து, பின்னர் தனித்தொட்டியின் வேலையைச் செய்க, இவ்வொழுங்கை மாற்றற்க. தெறிக்கும் நீர்த்திவலையும் பகையாதலின் இரு தொட்டிகளும் எட்ட இருத்தல் நன்று. அங்கிருந்து அகற்றும் நீரைக் கேணியிலோ வாய்க்காலிலோ விடாது வாழைப் பாத்திக்கு விடுக. செடிகளையும் நத்தைகளையும் மறவற்க. ஒட்டுண்ணியின் உறை அவற்றிலும் ஒட்டிவரும். மீனில்லாத நீரிலே அவற்றை இரண்டு மூன்று கிழமைகள் வைத்தால் உறையினின்று வெளிப்படும் குஞ்சுயிர் உணவின்றி அழியும்.

நாள்தோறும் நோக்க வேண்டியவை சில. மீன் உண்கின்றதா? செவுள் விரைவாக அடிக்கின்றதா? செட்டையை ஒடுக்கிக் கொண்டு மூலையிலே நிற்கின்றதா? உடம்பை எதன்மீதேனும் உராய்கின்றதா? கழிவு வெண்ணூலாக இழுபடுகின்றதா? இவற்றை எழுதி வருக. நோய் தோன்றினால் அதற்குரிய மருந்தைச் சிறிய நீரிலே சிறிதளவு இட்டால் அமையும். காட்சித் தொட்டியிலே மருந்திட்டால் நல்ல மீனும் செடியும் நத்தையும் வடிகட்டியிலுள்ள பற்றீரியாவும் ஒருங்கே வருந்தும். வெண்புள்ளி நோயிலே இன்னொன்றும் அறிய வேண்டும். தோலின் கீழும் உறையினுள்ளும் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. நீந்தித் திரியும் குஞ்சுயிரையே அது கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துவோர் நோயை அழித்தவராகார். இடையிலே நோய் கண்டாலோ புதிதாக வேறு மீன் ஒன்று அத்தொட்டியிலே சேர்க்கப்பட்டாலோ, நாள் எண்ணிக்கையை முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "இடமில்லை" என்பர். மேசையின் கீழே வைத்தற்கும் இடமில்லாதவர் புதிய மீனை வாங்காதிருத்தலே நன்று. "செலவு" என்பர். ஒரு தொட்டி மீன் முழுவதையும் இழப்பதிலும் ஒரு சிறு தொட்டி செலவாகாது. "வந்தவுடனே எல்லாவகை மருந்தையும் கலந்துவிட்டால் தனியே வைக்க வேண்டியதில்லை" என்பாரும் உண்டு. நோய் இன்னதென்று அறியாமல் மருந்திடுவது மீனை வருத்தும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அவ்வாறு கண்டபடி இட்டால் அவற்றுக்கு அடங்காத கிருமிகளையே நாம் வளர்த்தவராவோம். "பல்லாண்டாக அப்படியே விட்டேன், ஒன்றும் நேரவில்லை" என்று கூறும் நண்பர்களும் எனக்கு உளர். அவர்கள் கூற்று மெய். யானும் ஒரு நாள் வரை அவ்வாறே கூறி வந்தேன்.

தனியே வைத்தல் என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம்மவர் சிலர் மனம் கூசுதல் கூடும். பிறப்பு நோக்கி மனிதரை மனிதர் வாயிலுக்குப் புறத்தே நிறுத்திய கொடுமை நம் மண்ணிலே நிகழ்ந்தது. மாணவர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது என்பதற்காகவே ஒரு சொல் கூறுகின்றேன். அந்த விலக்குக்கு முடிவு நாள் இல்லை. இதற்கு முடிவு நாள் முதலிலேயே குறிக்கப்படுகின்றது. அது இன்னாரை விலக்கி இன்னாரை ஏற்றது. இது வந்த மீன் எல்லாவற்றையும், விலையுயர்ந்ததாயினும் மலிந்ததாயினும், ஒருபடியாகவே நிறுத்துகின்றது. அங்கே புறத்தே நின்றவர் புறக்கணிக்கப்பட்டார். இங்கே தனியே நிற்கும் மீனுக்குத்தான் கூடிய கவனம். பயணத்தால் களைத்த மீன், பழைய மீன்களின் துரத்தலின்றி உண்டு உடல் தேறுதற்கும் அந்த நான்கு கிழமைகளே உதவுகின்றன. பழையவற்றைக் காப்பதோடு புதியதனையும் காப்பதனால் இதனை ஐயத்தின் செயல் என்னாது விருந்தோம்பலின் ஒரு கூறு என்றே கொள்ளலாம்.

என் கருத்தின் கருவான பகுதிக்கு இப்போது வருகின்றேன். விழாக் காலத்திலே பழைய மாணவர் கல்லூரிக்கு நன்கொடை வழங்குவது மரபு. காட்சித் தொட்டி போன்ற பொருள்கள் அதற்கு ஏற்றன. வருவோர் கண்ணிலே படும். கொடுத்தவர் பெயரும் அதிலே பொறிக்கப்படும். பின்னே கதவின் மறைவிலே நிற்கும் வெறுந்தொட்டியை எவரும் நன்கொடையாகக் கொடுப்பதில்லை. அதனைப் பார்ப்பாரும் இல்லை. ஆயினும் அதுவின்றி முன்னுள்ள தொட்டி நிலைபெறாது. ஆகவே காட்சித் தொட்டி கொடுக்க எண்ணுவோர் முதலிலே தனித்தொட்டியைக் கொடுக்க. இது ஒன்று.

இரண்டாவது, விதியை எழுதி ஆய்வுகூடச் சுவரிலே ஒட்டுக. எவர் கொண்டுவந்த மீனாயினும் 28 நாளின் குறிப்பு கொப்பியிலே எழுதப்பட்ட பின்னரே காட்சித் தொட்டியிலே விடப்படும் என்பதே அவ்விதி. மீனை மாற்றும் உரிமை அக்கொப்பியை எழுதும் மாணவரிடம் இருக்கட்டும். அதிபரும், ஆசிரியரும், பழைய மாணவர் சங்கத் தலைவரும், தொலைவிலிருந்து வந்த கொடையாளரும் அதற்கு அடங்குக. அன்று அந்த ஆசிரியர் என்னிடம் மறுத்துக் கூற இயலாதிருந்தமைக்குக் காரணம் அவரது அறியாமையன்று, மரியாதையே. அவர் அறிந்திருந்தார்; சொல்லவும் சொன்னார். என் வயதும் என் அன்பும் அவர் வாயை அடைத்தன. சுவரிலே விதி இருந்திருப்பின் அவர் மறுக்க வேண்டியதே இல்லை, விதியே மறுத்திருக்கும். மூத்தோரை மதித்தல் நம் மரபு. அம்மரபு மூத்தோரின் பிழையைத் தடுக்கும் வழியை அடைத்துவிடலாகாது. இளையோர் தாம் அறிந்த உண்மையை மூத்தோர் முன் பணிவோடு எடுத்துரைத்து நிற்கும் இடம் ஆய்வுகூடமே யன்றி வேறெது?

விஞ்ஞானத்தை நாம் பெரும்பாலும் சோதனைக்கு விடை எழுதுவதற்காகவே படிக்கின்றோம். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தை அழகாக வரைந்து புள்ளி பெற்ற மாணவன், அன்று மாலையே புதிய மீனைப் பழைய தொட்டியிலே விடுவானாயின் அவன் கற்றது யாது? நாள்தோறும் பார்த்து, ஒன்றும் நிகழவில்லை என்றே எழுதி, மறுநாளும் அவ்வாறே எழுதும் பொறுமையிலேதான் விஞ்ஞானப் பயிற்சி இருக்கின்றது. "மாற்றம் ஒன்றும் இல்லை" என்னும் வரியை 28 முறை மெய்யாக எழுதிய பிள்ளை பின்னாளிலே மருத்துவனாயினும் பொறியியலாளனாயினும் கமக்காரனாயினும் தன் தொழிலிலே நம்பத் தக்கவனாவான்.

2018ஆம் ஆண்டிலே கல்லூரிக்கு யான் மீண்டும் ஒரு பரிசு கொண்டு வந்தேன். அது மீன் அன்று; 40 லீற்றர் தொட்டி ஒன்றும், பஞ்சு வடிகட்டி ஒன்றும், வேறு நிறக் கைப்பிடியுள்ள கைவலை ஒன்றுமே. அவற்றின்மேல் என் பெயரை எழுத வேண்டா என்று கேட்டுக்கொண்டேன். சென்ற முறை நான் ஆய்வுகூடத்துக்குச் சென்றபோது சாளரத்தருகே காட்சித் தொட்டி மீண்டும் செடியும் மீனுமாய் விளங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதனையே சூழ்ந்து நின்றனர். யான் கதவின் பின்னே சென்று பார்த்தேன். கவிழ்த்த சட்டியின் நிழலிலே கப்பி மீன்கள் நான்கு நின்றன. அருகே கொப்பி திறந்து கிடந்தது. பத்தொன்பதாம் நாளின் குறிப்பு அதிலே எழுதப்பட்டிருந்தது. "இவற்றை இன்றைக்கே அங்கே விட்டால் விழாவுக்கு அழகாயிருக்குமே" என்று உடன் வந்த நண்பர் ஒருவர் கூறினார். கொப்பியை வைத்திருந்த சிறுவன் எழுந்து நின்று, "இன்னும் ஒன்பது நாள் இருக்கின்றது, ஐயா" என்றான். நண்பர் சிரித்து விலகினார். அச்சிறுவனுக்கு அவ்வாறு சொல்லும் துணிவையும், நமக்கு அதனைக் கேட்டு அடங்கும் பண்பையும் நம் கல்லூரி அன்னை என்றும் அருள்வாளாக.